வீடு கட்ட அரசுப் பணம்: வாசகர் கேள்வி - பதில்

அம்மா பெயரில் கலைஞர் கனவு இல்லம் ஆணை வந்திருக்கிறது. 3.50 லட்சம் என்கிறார்கள். மேஸ்திரியைக் கேட்டால் ஏழு லட்சம் இல்லாமல் முடியாது என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

இரண்டுமே உண்மைதான். இந்தத் திட்டத்து வீடு 360 சதுர அடி. அதற்கு 3.50 லட்சம் என்றால் சதுர அடிக்கு 972 ரூபாய். பொருளும் ஆளும் சேர்த்து மொத்தமாக ஒப்பந்தம் பேசினால் இன்று 2,000 ரூபாய்க்குக் கீழே இறங்கி வரும் மேஸ்திரியைப் பார்ப்பது அரிது. அந்தக் கணக்கில் 7.20 லட்சம் ஆகிறது. எனவே இந்தத் தொகையை வீட்டின் முழு விலையாக எண்ண வேண்டாம். பாதிச் செலவை அரசு ஏற்கிறது என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

அந்த 3.50 லட்சமும் ஒரே பையிலிருந்து வருவதில்லை. 3.10 லட்சம் மாநில அரசு வீட்டுக்கென்று தருவது. மீதி ஏறக்குறைய 40,000 நூறு நாள் வேலைத் திட்டக் கூலியும் தூய்மை பாரதத் திட்டத்தின் கழிப்பறைத் தொகை 12,000-மும் சேர்ந்தது. கூலி என்பது 90 மனித நாள். 2025-26 விகிதமான 336 ரூபாயில் 30,240. இதுதான் பலருக்குக் கைநழுவிப் போகிறது. வேலை அட்டை உள்ளவருக்குத்தான் கூலி வரும். வேலை நடக்கும்போதே வருகைப் பதிவேடு போட்டாக வேண்டும். வீடு முடிந்த பிறகு பழைய தேதிக்குப் போட வழியில்லை. அம்மாவுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ அட்டை இல்லையென்றால், வானம் தோண்டுவதற்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சிமெண்டும் கம்பியும். இவற்றை ஒன்றியக் கிடங்கிலிருந்து பொருளாகவே கொடுத்து, அதன் விலையை உங்கள் பணப் பட்டியலில் (பில்) கழித்துக்கொள்வார்கள். ஆகவே வங்கிக்கு வரும் ரொக்கம் 3.10 லட்சத்துக்குக் குறைவாகத்தான் இருக்கும். ‘பணத்தைப் பிடித்துவிட்டார்கள்’ என்று வரும் புகார்களில் பல இந்தக் கழிவைத்தான் சொல்கின்றன. எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, என்ன விலை என்று ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதி, கிடங்கில் கொடுத்த சீட்டை அதில் ஒட்டி வையுங்கள். எல்லா மூட்டையையும் ஒரே நாளில் இறக்கிக்கொள்ள ஆசைப்படாதீர்கள். குடிசைத் தரையில் அடுக்கிய சிமெண்ட் மழைக்காலத்தில் கட்டி தட்டிவிடும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மூன்று மாதம் கடந்த மூட்டையைக் கூரைக்குப் போடக் கூடாது.

பணம் நான்கு கட்டமாக வரும்: பேஸ்மென்ட் (தரைமட்டத்துக்கு மேல் எழுப்பும் அடித்தளம்), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), கூரை, நிறைவு. ஒவ்வொன்றும் அந்த வேலை முடிந்து, அளவெடுத்து, படம் ஏற்றிய பிறகுதான். அதாவது பேஸ்மென்ட் வரை உங்கள் கைப்பணம். மேஸ்திரியிடம் பேசும்போதும் இதே நான்கு கட்டத்தை வைத்தே பேசுங்கள். அரசுத் தவணை வந்த பிறகு அவருக்கு அந்தக் கட்டத்தின் பாக்கி என்று எழுதிக்கொள்ளுங்கள். முன்பணமாக இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு அடுத்த ஊர் வேலைக்குப் போய்விடும் மேஸ்திரியால்தான் லிண்டல் மட்டத்தோடு நின்ற வீடுகள் ஏராளம்.

செலவைக் குறைக்க உருப்படியான வழிகள் இரண்டு. பொருளை நீங்கள் வாங்கிக்கொண்டு கூலி ஒப்பந்தம் மட்டும் பேசுவது ஒன்று. 360 சதுர அடியில் 300-க்குத்தான் கான்கிரீட் கூரை கட்டாயம், மீதி 60-க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம் என்ற விதியைப் பயன்படுத்திக்கொள்வது மற்றொன்று. அந்த 60-ஐச் சமையலறைக்கோ திண்ணைக்கோ வைத்து ஓடு போடுங்கள். ஓட்டுக்கூரையின் கீழ் சமைப்பது வெயில் நாளில் சுகமும்கூட. மீதித் தேவைக்கு மகளிர் குழுக் கடன் போதுமா என்று முதலில் பாருங்கள். ‘தவணை வந்ததும் அடைத்துவிடலாம்’ என்று வார வட்டிக்கு வாங்காதீர்கள். தவணை எந்த வாரம் வரும் என்று வட்டார வளர்ச்சி அலுவலராலேயே (பி.டி.ஓ.) சொல்ல முடியாது.

எப்படியும் கட்டுகிறோம், 500 சதுர அடியாகக் கட்டிவிடலாம் என்று மகன் சொல்கிறான். அனுமதி உண்டா?
— வாசகர், அரூர்

சொந்தப் பணத்தில் கூட்டிக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. 360-க்குக் குறையக் கூடாது, குறித்த காலத்தில் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். கூடுதல் 140 சதுர அடிக்கு 2,000 வீதம் 2.80 லட்சம். அரசு முழு வீட்டுக்கும் தரும் தொகையை ஏறக்குறைய தொடுகிறது. அரசு வீடுகள் பாதியில் நிற்பதற்கு முதல் காரணம் இந்த ஆசைதான். கூரை போடாத வீட்டுக்கு மூன்றாம் தவணை இல்லை. அது வராவிட்டால் நான்காவதும் இல்லை.

இரண்டாவது காரணம் பேஸ்மென்ட் உயரம். பக்கத்து வீடு மூன்றடி என்றால் நமக்கு நான்கடி என்பது ஊர் வழக்கம். தேவைக்கு மேல் இரண்டடி உயர்த்தினால் 360 × 2 = 720 கன அடி, சுவர் கனத்தைக் கழித்தாலும் ஆறு யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) மேல் கிராவல்; தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால் அமுங்கி இன்னும் கேட்கும். இதற்கு அரசுக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. தெருவில் தேங்கும் மழைத்தண்ணீரின் உயரத்தைப் பார்த்து, அதற்கு மேல் ஓரடி விட்டால் போதும்.

பின்னால் விரிவாக்க வேண்டும் என்றால் இப்போதே செய்ய வேண்டியது சிறிதுதான்: விரியப்போகும் பக்கத்துச் சுவர் முனையில் செங்கலைக் கடிப்பு விட்டுக் கட்டுவது, அந்தச் சுவரில் எதிர்கால வாசலுக்கு லிண்டல் போட்டு வைப்பது, கழிவுநீர்க் குழாயை மறுபக்கம் கொண்டுபோவது.

கூரைக்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்பதை மேஸ்திரி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 300 சதுர அடி, 5 அங்குலக் கனம் என்றால் 125 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவையில் சிமெண்ட் 28 மூட்டை, எம்.சாண்ட் அரை யூனிட்டுக்குச் சற்று மேல், முக்கால் அங்குல ஜல்லி ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். சேதாரத்துக்கு இரண்டு மூட்டை கூட வையுங்கள். ‘இருபது மூட்டை போதும்’ என்பவர் கலவையில் கை வைக்கிறார் என்று பொருள். தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கலவை கூழாக ஓடினால் கொட்டுவது சுலபம், அதனால் ஆட்களுக்குப் பிடிக்கும். காய்ந்தபின் விரிசலும் ஒழுக்கும் உங்களுக்கு. கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டி) வைக்கச் சொல்லுங்கள். ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்தால் ஆள் மிதித்ததும் நழுவி, கம்பி சென்டரிங் பலகையில் ஒட்டிவிடும். சில வருடத்தில் கூரையடி பெயர்ந்து துருக்கம்பி தெரிவது அப்படி ஒட்டிய இடத்தில்தான். கடையில் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்டுக்குப் பாத்தி கட்டிக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிற்க வேண்டும். முட்டுகளை அந்தப் பத்து நாளும் தொடாதீர்கள்; அறை அகலம் 15 அடியைத் தாண்டினால் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுவையுங்கள். சென்டரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறதே என்று ஐந்தாம் நாள் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். மிச்சமாவது சில நூறு ரூபாய்.

குடிசை இருக்கும் இடத்துக்குப் பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது. அவரும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். அத்தைகள் இருவர் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் வந்தும் ஆணை தர மறுக்கிறார்கள்.
— வாசகர், விருத்தாசலம்

மறுப்பதில் அவர்கள் தவறு இல்லை. இறந்தவர் பெயரில் இருக்கும் மனையில் அரசுப் பணத்தைப் போட்டால் நாளை வீடு யாருடையது என்ற வழக்கில் பொறியாளரும் சாட்சிக்கு நிற்க வேண்டிவரும்.

வரிசை இதுதான். தாத்தா, அப்பா இருவரின் இறப்புச் சான்று. இருவருக்கும் தனித்தனியே வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறலாம். தாத்தாவின் வாரிசுகளில் அத்தைகள் இருவரும் கட்டாயம் வருவார்கள்; அவர்களை விட்டுவிட்டுச் சான்று வாங்க முயன்றால் அங்கேயே கதை முடிந்தது. பிறகு அத்தைகளும் உங்கள் அம்மா, உடன்பிறந்தார் ஆகியோரும் தங்கள் பாகத்தை உங்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரமாகவோ தான செட்டில்மென்டாகவோ பதிவு செய்து தர வேண்டும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. கிராமத்து இரண்டு சென்ட் மனைக்கு உச்சவரம்பை எட்டும் பேச்சே இல்லை. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பது பட்டா மாற்றத்துக்கு உதவாது.

பத்திரம் முடிந்ததும் பட்டா மாறுதல். முழு மனையும் உங்களுக்கு என்றால் உட்பிரிவு தேவையில்லை, சீக்கிரம் நடக்கும். பாகம் பிரித்தால் நில அளவர் வந்து அளந்து புல வரைபடம் திருத்த வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். வீடு வேண்டியவர் அவசரத்தில் இருக்கிறார் என்பதால், இப்போது முழுதாக ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொண்டு அத்தைகளுக்கு வேறு வகையில் செய்து கொடுப்பது நடைமுறைக்கு எளிது. அதற்கு அத்தைகள் மனமுவந்து சம்மதிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்; பாகம் அவர்களுக்குச் சட்டப்படி உரியது.

பட்டாவே இல்லாமல் புறம்போக்கில் இருக்கிறோம் என்று கேட்டு எழுதிய மற்ற வாசகர்களுக்கு: எந்த வகைப் புறம்போக்கு என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். ஏரி, குளம், வாய்க்கால், சாலை என்றால் ஆட்சேபணைக்குரியது. வரன்முறைப்படுத்த மாட்டார்கள், மாற்று இடம் கேட்பதுதான் வழி. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுக் கொடுக்கலாம். சென்னையைச் சுற்றிய ‘பெல்ட் ஏரியா’வில் நெடுங்காலம் தடை இருந்தது. அந்தப் பகுதியையும் மற்ற நகர்ப்பகுதிகளையும் சேர்த்து ஏறக்குறைய 86,000 பேருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மனுவோடு மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை என்று பழைய தேதி உள்ளவை எல்லாவற்றின் நகலும் போகட்டும்.

என்னிடம் மோட்டார் சைக்கிள் இருப்பதால் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் பெயர் வராது என்கிறார்கள். சரியா?
— வாசகர், சங்கரன்கோவில்

பழைய விதி. ஊரகத் திட்டத்தில் இருசக்கர வாகனமும் ஃபிரிட்ஜும் 2024-ல் விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. மாத வருமான வரம்பும் 10,000-லிருந்து 15,000 ஆனது. இப்போதும் தடுப்பவை: மூன்று அல்லது நான்கு சக்கர மோட்டார் வாகனம், 50,000 அல்லது அதற்கு மேல் வரம்புள்ள கிசான் கடன் அட்டை, குடும்பத்தில் அரசு ஊழியர், வருமான வரி அல்லது தொழில் வரி கட்டுபவர், இரண்டரை ஏக்கர் பாசன நிலம். ஒருமுறை நகைக் கடனுக்குப் பதிலாகக் கிசான் அட்டை வாங்கி மறந்துபோனவர்கள் அதன் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு தகவல். இந்தத் திட்டத்தில் சமவெளிக்கு வீட்டுத் தொகை 1.20 லட்சம், அதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், 72,000 ரூபாய். கான்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு தனியே 1.20 லட்சம் சேர்ப்பதால்தான் இங்கே 2.40 லட்சம் வருகிறது. 1.20 லட்சம் என்ற தொகை 2016-ல் வைத்தது. அன்றைய கம்பி விலையில் இன்று யாரும் கம்பி விற்பதில்லை.

நகரத்தில் 30 லட்சத்துக்கு ஃபிளாட் பார்த்திருக்கிறோம், 22 லட்சம் கடன். வட்டி மானியம் 1.80 லட்சம் உடனே கிடைக்குமா? இ.எம்.ஐ. குறையுமா?
— வாசகி, ஆவடி

உடனே கிடைக்காது. பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-ல் அது ஐந்து ஆண்டுத் தவணை. ஆண்டுக்கு 36,000 உங்கள் கடன் கணக்கில் வரவாகும். பில்டரோ கடன் முகவரோ ‘மானியத்தைக் கழித்துக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்’ என்றால் ஏமாற வேண்டாம்.

விதிகள்: கடன் 1.9.2024 அன்றோ பிறகோ அனுமதிக்கப்பட்டு வழங்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம், கார்ப்பெட் பரப்பு (சுவர்களுக்குள் புழங்கும் பரப்பு) 120 சதுர மீட்டர் ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் காரை வீடு இருக்கக் கூடாது. நீங்கள் எத்தனை லட்சம் வாங்கினாலும் 4 சதவீத மானியம் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், அதிகபட்சம் 12 ஆண்டுக் கணக்கில்.

கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். ஊரில் நிலம் விற்ற பணத்தில் இரண்டாம் ஆண்டே கடனில் பெரும்பகுதியை அடைத்தால் எஞ்சிய 36,000-கள் போய்விடும். அதற்காக அடைக்காமல் இருங்கள் என்று சொல்லவில்லை. 22 லட்சத்துக்கு நீங்கள் கட்டும் வட்டி ஆண்டுக்கு 36,000-ஐப் பல மடங்கு தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேறு வங்கிக்குக் கடனை மாற்றும் எண்ணம் இருந்தால் மானியம் தொடருமா என்பதை எழுத்தில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். வரவான தொகை அசலில் கழிந்ததா என்று ஆண்டுதோறும் அறிக்கை வாங்கிப் பாருங்கள். இ.எம்.ஐ. அதே அளவில் இருந்து தவணைக் காலம் மட்டும் குறைந்திருக்கலாம்.

சொந்த மனையில் கட்டுவோருக்கு இதே திட்டத்தில் 2.50 லட்சம் என்ற தனிப் பிரிவு உண்டு, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

வீட்டுப் பற்றாக்குறை என்கிறார்கள். பிறகு ஏன் சென்னை மக்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்? பணம் இருந்தும் நகருக்குள் கட்ட முடியாதா?
— வாசகர், வியாசர்பாடி

பணம் தரப்படும் முறையிலேயே இதற்கு விடை இருக்கிறது. நகர்ப்புறத் திட்டத்தில் மத்திய அரசு ஒரு குடியிருப்புக்கு 1.50 லட்சம் தருகிறது. சென்னையில் கட்டினாலும் செங்கத்தில் கட்டினாலும் அதே தொகை. நிலத்துக்கு என்று எதுவும் இல்லை. நிலத்தை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்தான் தேட வேண்டும். விலையில்லாமல், பெரிய பரப்பில், அரசு நிலம் எங்கே கிடைத்ததோ அங்கே கட்டிடம் எழுந்தது. நகரின் தெற்கு ஓரத்தில் கண்ணகி நகரில் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். பெரும்பாக்கத்துக்குப் பணம் வந்தது 2005-ல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்திலிருந்து. கட்டிடத்துக்கு மானியம் கிடைத்தது. அங்கிருந்து வியாசர்பாடிக்கோ பாரிமுனைக்கோ வேலைக்குப் போகும் பஸ் கட்டணத்தை ஒவ்வொரு குடும்பமும் தன் கையிலிருந்து கொடுக்கிறது.

நகருக்குள் கட்ட வாரியத்திடம் இருக்கும் நிலம் அதன் பழைய குடியிருப்புகள்தான். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பு, சிதைந்த அடுக்குகளை இடித்து அதே இடத்தில் கட்டுகிறது. நல்ல வழி. சிக்கல் இடைக்காலத்தில். இடம்பெயர்வோருக்கு 8,000-ஆக இருந்த உதவித்தொகை 24,000 ஆக்கப்பட்டது. கட்டிடம் 18 மாதத்தில் முடிந்தாலும் மாதம் 1,333 ரூபாய் வாடகைக்கு. அந்த வாடகைக்கு வடசென்னையில் ஓர் அறைகூடக் கிடைக்காது. உங்கள் அடுக்கு இடிபடப் போகிறது என்றால் சாவியைக் கொடுக்கும் முன் மூன்று காகிதம் வாங்குங்கள்: குடும்பத் தலைவர் பெயருடன் மறு ஒதுக்கீட்டு உறுதி, நீங்கள் கட்ட வேண்டிய பங்குத் தொகை எவ்வளவு என்ற எழுத்து, முந்தைய தவணைகள் கட்டி முடித்ததற்கான கணக்கு. மகன் திருமணமாகித் தனிக் குடும்பமாக அதே வீட்டில் இருந்தால் கணக்கெடுப்பின்போதே சொல்லிவிடுங்கள். இடித்த பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

லிண்டல் முடிந்து இரண்டு மாதம். தவணை வரவில்லை. கேட்டால் ‘ஆன்லைனில் இருக்கிறது’ என்கிறார்கள். ஒருவர் அளவெடுக்கவே பணம் கேட்டார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

முதலில் எங்கே நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஓவர்சியர் இடத்தில் நின்று அந்தக் கட்டத்தின் படத்தை ஏற்றினாரா? ஏற்றவில்லையென்றால் பணப் பட்டியலே போட்டிருக்க மாட்டார்கள். ஏற்றிவிட்டார், அளவுப் புத்தகத்திலும் பதிந்தார் என்றால் ஒன்றியக் கணக்குப் பிரிவில் நிற்கிறது, அல்லது மேலிருந்து நிதி இறங்கவில்லை. அவர்கள் பக்கம் பணம் போய்விட்டது என்றால் உங்கள் வங்கி. ஆதார் வழி வரும் தொகை, நீங்கள் கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குப் போகும். வேறொரு மானியத்துக்காகப் புதிய கணக்கு தொடங்கியவர்கள் பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு காத்திருப்பதுண்டு. எல்லாக் கணக்கையும் பாருங்கள்.

மூன்றும் சரி, பணம் மட்டும் இல்லை என்றால் பி.டி.ஓ.வுக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முதல்வரின் உதவி எண்ணான 1100-ல் பதிந்தால் மனு எண் கிடைக்கும். வாய்ப்பேச்சுக்கு இல்லாத மரியாதை அந்த எண்ணுக்கு உண்டு. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் வீட்டின் அளவுப் புத்தகப் பக்க நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பல நேரம் நகல் வருவதற்குள் தவணை வந்துவிடுகிறது.

அளவெடுக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. கேட்டவர் மீது லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064-ல் சொல்லலாம். பணம் கொடுத்த பிறகு சொல்வதைவிட, கேட்டதும் சொல்வது வழக்குக்கு உதவும். கிராம சபையில் உங்கள் ஊராட்சியில் யார் யாருக்கு எந்தக் கட்டம் வரை பட்டியல் போடப்பட்டது என்று வாசிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு நாள் கூட்டம் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனியாகப் போகாமல், தவணை நிற்கும் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போங்கள். கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.